எழுபது பேரும் ஒரு பாட்டியும்

திருத்தணிகை மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்றாகக் கணக்கு. உண்மையான பக்தர்கள் படிக்கு ஒரு நாமம் சொல்லி ஏறுவார்கள். நம்மைப் போன்றவர்கள் படிக்கு ஒரு பெருமூச்சு விட்டு ஏறுவோம். ஒரு கிருத்திகையன்று அவ்விதம் ஏறிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். நம்மை அங்கே உட்கார வைத்ததில் முருகனுக்கு ஏதோ உத்தேசம் இருந்திருக்க வேண்டும். ஒரு முழுத் துப்பறியும் கதை, முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரையில், பத்தே நிமிஷத்தில் நம் கண்ணெதிரே நடந்து முடிந்தது.

கதாநாயகி ஒரு பாட்டியம்மாள். வயது எழுபதுக்குக் குறையாது. கையில் ஒரு மஞ்சள் பை. மடியில் வெற்றிலைப் பெட்டி. படியோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே ஓர் இளந்தம்பதிகள். அவர்களுடைய குழந்தைக்கு அன்றுதான் முடி இறக்கிக் குளிப்பாட்டியிருந்தார்கள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. திடீரென்று அந்தப் பெண், "ஐயோ, என் பர்ஸைக் காணோமே!" என்று அலறினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு நொடியில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பத்துப் பேரும் துப்பறியும் நிபுணர்கள். "இங்கே யார் வந்தது?" என்று ஒருவர் கேட்டார். எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. பக்கத்தில் கற்பூரம் விற்கும் பையன் ஒருவன் நின்றான். பத்து வயது இருக்கலாம். தெலுங்கு பேசுகிற பையன். திருத்தணி 1960-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்த ஊர். அன்று போட்ட எல்லைக்கோடு தேசப்படத்தில் விழுந்ததே தவிர, மலைப்படிகளில் விழவில்லை. இரண்டு பாஷைக்காரர்களும் அங்கே ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். ஆனாலும் பணம் காணாமற்போன அந்த நிமிஷத்தில், பையனுடைய பாஷையே அவனுக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. ஒருவர் அவன் கையைப் பிடித்தார். இன்னொருவர் அவனுடைய கற்பூரப் பெட்டியைக் கவிழ்த்தார்.

"அவனை விடுங்கள்" என்றார் பாட்டியம்மாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏண்டி குழந்தே, அந்த ஈரத்துணி மூட்டையை யார் கட்டினது?" என்று கேட்டார்.

"அவர்தான் கட்டினார், பாட்டி. நான் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்."

"அப்படியானால் அதை அவிழ்த்துப் பார்."

மூட்டை அவிழ்ந்தது. குழந்தையின் நனைந்த சட்டைக்கும் நாலு முழ வேஷ்டிக்கும் நடுவில், பர்ஸும் சுகமாக ஸ்நானம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் ஆச்சரியத்துடன், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். பாட்டியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்: "இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மூட்டையிலிருந்து படிக்குப் படி தண்ணீர் சொட்டிக்கொண்டு வருகிறது. பெண்பிள்ளை கட்டின மூட்டையானால் துணியைப் பிழிந்து கட்டியிருப்பாள். பிழிய வேண்டும் என்று தோன்றாதவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவா தோன்றப்போகிறது?"

குழந்தையின் தகப்பனார் வானத்தைப் பார்த்தார். பத்து நிபுணர்களும் பக்தி மேலிட்டவர்களாய் மேற்படி ஏறினார்கள். பையனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டியம்மாள் மட்டும் சிதறிய கற்பூரத்தில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, காசைக் கொடுத்து, "வெள்ளு நாயனா" என்று அவனை அனுப்பினார்.

கதையில் கொலை இல்லையே என்று நேயர்கள் குறைப்படலாம். ஒரு பத்து வயதுப் பையனுடைய மானம் அன்றைக்குக் கொலையாக இருந்தது. அதைத் தடுத்தது, துணியைப் பிழிந்து கட்டுவது என்ற ஓர் அற்ப விஷயம். அற்பமென்று நாம் சொல்லலாம். அந்தப் பையன் சொல்ல மாட்டான்.

இந்தச் சம்பவத்தைச் சொன்னவுடனே, ஆங்கில நாவல்கள் படிக்கும் நம் நண்பர் ஒருவர், "அடடா! இது அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் அல்லவா?" என்றார். அவர் சொன்னது தவறல்ல. மிஸ் மார்ப்பிள் என்னும் அந்தக் கிழவி முதல் முதலாக 1927-இல் ஒரு சிறுகதையில் தோன்றினாள். 1930-இல் முதல் நாவலில் வந்தாள். 12 நாவல்களில் அவளுடைய கீர்த்தி உலகமெல்லாம் பரவிற்று. கலியாணம் ஆகாதவள், கிராமவாசி, எப்போதும் கையில் கம்பளிப் பின்னல். போலீஸ் உத்தியோகமோ, பூதக்கண்ணாடியோ, கைத்துப்பாக்கியோ கிடையாது. தன் கிராமத்து மனிதர்களை ஆயுள் முழுவதும் பார்த்து வந்திருப்பதுதான் அவளுடைய ஒரே ஆயுதம். பெரிய மாளிகையில் பெரிய மனிதர் கொலையுண்டு கிடந்தால், இன்ஸ்பெக்டர்கள் வீட்டுப் படத்தை வரைந்துகொண்டிருக்கும்போது, அவள் தன் ஊரில் எப்போதோ ஒரு வேலைக்காரியோ கடைக்காரனோ சொன்ன ஒரு சின்னப் பொய்யை நினைத்துக்கொள்வாள். பொய் சொல்லுகிற விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே!

1950-இல் வெளிவந்த நாவல் ஒன்றில், கிராமத்துப் பத்திரிகையில் கலியாண விளம்பரம் போலக் கொலை விளம்பரம் ஒன்று வருகிறது. இன்ன வீட்டில், இன்ன நேரத்தில் கொலை நடக்கும் என்கிறார்கள். அண்டை அயலார் எல்லாரும் ஏதோ வேடிக்கை விளையாட்டு என்று எண்ணி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குறித்த நேரத்தில் விளக்கு அணைகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. அறை நிறையச் சாட்சிகள். ஒருவருக்கும் உண்மை தெரியவில்லை. மிகுதியை நாம் சொன்னால் படிக்கிறவர்களின் சாபத்துக்கு ஆளாவோம்.

மிஸ் மார்ப்பிளுக்கும் ஒரு மூத்தவள் உண்டு. அமெரிக்காவில் அன்னா காதரின் கிரீன் என்ற பெண்மணி, 1897-இல் எழுதிய நாவலில், மிஸ் பட்டர்வொர்த் என்ற ஒருத்தியைப் படைத்தார். நடு நிசியில் அடுத்த வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றால் ஜன்னலைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத சுபாவம் அவளுக்கு. "அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவள்" என்ற அவப்பெயர் உடையவள். அந்தக் கெட்ட பழக்கத்தினால்தான் அந்த வீட்டில் நடந்த கொலை துலங்குகிறது. ஆக, இந்த வகைக் கதாநாயகி பிறந்து நூற்றிருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதெல்லாம் இருக்கட்டும். திருத்தணியில் ஒரு வழக்கம் உண்டு. டிஸம்பர் 31-ந் தேதி இரவு, படிக்குப் படி கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள் மலையேறுவார்கள். இந்தத் திருப்படித் திருவிழாவை ஏற்படுத்தியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டு தினத்தில் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரைகளைத் தரிசிக்க ஓடியவர்களைப் பார்த்து, "முதலில் நம் துரையைத் தரிசித்துவிட்டு அப்புறம் அந்தத் துரையிடம் போங்கள்" என்ற கருத்தில் சுவாமிகள் இதைத் தொடங்கினார் என்று சொல்லுவார்கள். துப்பறியும் பாட்டியின் விஷயத்திலும் நாம் சுவாமிகளின் கட்சி. லண்டன் கிழவியைத் தரிசிப்பதற்கு முன்னால், அந்த மலையடிவாரத்துக்கு அண்டையிலேயே உள்ள நம்முடைய கொலைக் கதையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையில் ரயில் பாதையில் இருக்கிறது திருவாலங்காடு. நடராஜப் பெருமான் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இரத்தின சபை அது. காரைக்கால் அம்மையார் முக்தி அடைந்த தலமும் அதுவே. அதன் பக்கத்து ஊர் பழையனூர். "நீலிக் கண்ணீர்" என்று நாம் தினந்தோறும் சொல்லுகிறோமே, அந்த நீலியின் ஊர்.

கதை பல விதமாக வழங்குகிறது. சாரம் இதுதான். ஒருவன் தன் மனைவியைத் திருவாலங்காட்டுக் காட்டில் கொன்றுவிட்டான். அவள் பேயாகிக் காத்திருந்தாள். அவன் மறு பிறவியில் வணிகனாகப் பிறந்து அந்தப் பக்கம் வந்தான். தன்னை ஒரு பேய் பழிவாங்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகையால் மந்திரக் கத்தி ஒன்றைக் கையிலே வைத்திருந்தான். நீலி ஓர் அழகிய பெண்ணாக வடிவெடுத்தாள். கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என் புருஷன் என்னைக் கைவிட்டு ஓடுகிறானே!" என்று அழுதுகொண்டே அவனைப் பின்தொடர்ந்து பழையனூருக்கு வந்து சேர்ந்தாள்.

பழையனூரில் எழுபது வேளாளப் பெருமக்கள் சபை கூடினார்கள். "இவள் என் மனைவி அல்ல, பேய்" என்று வணிகன் கதறினான். குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது நேரே அவனிடம் சென்று "அப்பா" என்றது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "நீ இவளுடன் இன்றிரவு தங்கு. உனக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் உனக்கு ஈடு" என்று வாக்களித்தார்கள். அவன் கையிலிருந்த கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடியும்போது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து அதில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்த வரலாற்றுக்குக் குறிப்பு இருக்கிறது என்பதிலிருந்து, இது எவ்வளவு பழமையான கதை என்பது விளங்கும். அவர்கள் தீப்பாய்ந்த நினைவாக ஒரு மண்டபத்தை அந்தப் பக்கத்தில் இன்றும் காட்டுகிறார்கள்.

சொன்ன சொல்லுக்காக உயிர் கொடுத்த அந்தப் பெருமக்களுக்குத் தமிழ் நாடு பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தலை வணங்கி வருகிறது. நாமும் வணங்குகிறோம். ஆனால் வாக்குத் தவறாமை வேறு, விசாரணை வேறு. வணங்கிவிட்டு எழுந்திருக்கும்போது நமக்கு ஒரு சிறு சந்தேகம் உண்டாகிறது. சபையில் எழுபது பேர் இருந்தார்களே, அவர்களில் யாராவது அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தார்களா?

கதையில் அப்படி ஒரு வரி நாம் கேட்டதில்லை. எழுபது பேரும் குழந்தையைப் பார்த்தார்கள், அது பேசியதைக் கேட்டார்கள், தூக்கவில்லை. சபையின் கோடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாளானால், தீர்ப்பைப் பற்றிக் கவலைப்படாமல் முதற் காரியமாக, "வெயிலில் நடந்து வந்த குழந்தையை இப்படிக் கொடு" என்று இடுப்பில் வாங்கியிருப்பாள். கள்ளிக்கட்டையின் கனம் வேறு, கைக்குழந்தையின் கனம் வேறு என்று அந்த இடுப்புக்குத் தெரியும். வாயில் பால் மணக்கிறதா என்று மோந்து பார்த்திருப்பாள். "எத்தனை மாதம்? பல் முளைத்ததா? கவிழ்ந்தது எப்போது?" என்று கேட்டிருப்பாள். தவழக்கூட வயதாகாத குழந்தை நடந்து போய் அப்பா என்கிறதே என்று அவளுக்குத்தான் முதலில் வயிற்றைக் கலக்கியிருக்கும். நீலியின் கண்ணீர் அரை நாழிகை தாங்கியிருக்காது.

எழுபது உயிர்கள் போனதற்குக் காரணம், அந்தச் சபையில் அறிவு இல்லாமையல்ல. நியாய புத்தி இல்லாமையும் அல்ல. குழந்தையைத் தூக்கிப் பழக்கப்பட்ட ஒருவர் இல்லாமைதான்.

இதோடு நின்றால் வேடிக்கையாகப் போய்விடும். ஆனால் இந்தக் கதையில் வேடிக்கையில்லாத ஒரு பகுதி இருக்கிறது. பழையனூர்க் கதையில் விசாரணை நடந்தது எந்தக் கொலைக்கு? இரண்டாவது கொலைக்கு. முதற் கொலை என்று ஒன்று இருந்ததே! புருஷனோடு காட்டு வழியே புறப்பட்ட ஒரு பெண் திரும்பி வரவில்லை. "எங்கே அந்தப் பெண்?" என்று அன்றைக்கு எந்தச் சபையும் கூடவில்லை. அவளை மோசக்காரி என்று ஊர் ஊராகச் சொல்லுகிறோம். அவளுடைய கண்ணீரைப் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். அவள் உயிரோடிருந்தபோது விட்ட உண்மைக் கண்ணீருக்கு நம்மிடம் ஒரு பழமொழியும் இல்லை. முதற் கொலையை ஒருவர் விசாரித்திருந்தால் பிறகு எழுபத்தொரு பேர் செத்திருக்க வேண்டாம்.

ஒரு பெண் எழுந்து நின்று கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே இன்னொரு பெரிய வழக்கு இருக்கிறது. மதுரையில் பாண்டியன் சபையில் கண்ணகி செய்த விவாதம் அது. பொற்கொல்லன் வார்த்தையை நம்பி, கோவலனை விசாரியாமலே கொலை செய்துவிட்டான் அரசன். கண்ணகி கோபமாகப் போனாள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவள் சாட்சியத்தோடு போனாள் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. சிலம்பின் உள்ளே பரல் என்னவென்று கேட்க ஒரு சபைக்கும் தோன்றவில்லை. அதைக் காலில் அணிந்திருந்தவளுக்கு அது தெரிந்த சங்கதி. உலகத்தில் இதைவிடச் சுருக்கமான குறுக்கு விசாரணை வேறு உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. கண்ணகிக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம், விசாரணை தண்டனைக்குப் பிறகு நடந்தது என்பதுதான்.

இவ்வளவு பெரிய பிதிரார்ஜிதம் இருக்க, தமிழில் துப்பறியும் கதை பிறந்தபோது அதன் நாயகர்கள் யார்? ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் "ராஜாம்பாள்" நாவலை எழுதினார். பெயர் பெண்ணின் பெயர், துப்பறிகிறவர் கோவிந்தன். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழர்களுக்குத் தூக்கம் கெடும்படி செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் வேஷம் மாறி வந்து தர்மத்தை நிலைநாட்டினார். சிரிப்பு மூட்டும் துப்பறிவாளர் வேண்டுமென்றால், தேவன் படைத்த சாம்புவைப் போல ஒருவர் உலகத்திலேயே இல்லை. பாங்கியில் குமாஸ்தா வேலை. மூளைக்குப் பதிலாக அதிர்ஷ்டம். ஒரு திருடனைப் பிடிக்கப் போய்த் தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் வேறொரு திருடன் அகப்படுவான். அவருடைய மனைவி வேம்புவின் கையில் அந்த வழக்குகளை ஒப்புவித்திருந்தால் தடுக்கி விழாமலே முடித்திருப்பாள் என்று நமக்கு ஓர் எண்ணம் உண்டு.

பெண் துப்பறிவாளர் இல்லை என்றால், துப்பறியும் கதை எழுதிய பெண்ணாவது உண்டா? உண்டு. அவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஐந்து வயதிலேயே விவாகம். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் கதை சொல்லுவார். தமக்கு எழுதத் தெரியாத நாளில், தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதுவித்த நாடகம் "இந்திர மோகனா". அது 1924-இல் வெளிவந்தது. அடுத்த வருஷமே "ஜகன்மோகினி" பத்திரிகையைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார். "வைதேகி" முதலாக அவர் எழுதிய நாவல்கள் 115. அவற்றில் துப்பறியும் நாவல்களும் உண்டு. அவர் எழுத்தாளர் மட்டும் அல்ல. கதர் உடுத்தி மேடையில் பேசினார், மறியல் செய்தார், 1932-இல் சிறைக்குச் சென்றார். சிறையிலும் எழுதினார். 1960-இல் காலமானார்.

ஜகன்மோகினியைப் பெண்கள் படித்தால் கெட்டுப் போவார்கள் என்று சொன்னவர்கள் அந்தக் காலத்தில் இல்லாமலில்லை. அந்த அம்மாள் கதை கற்றது எங்கே என்று யோசித்துப் பார்த்தால் நம் பாட்டியம்மாளின் ரகசியம் விளங்கும். பள்ளிக்கூடத்தில் அல்ல; திண்ணையிலும், கொல்லைக் கிணற்றடியிலும்தான். "வம்பு" என்று ஆண்பிள்ளைகள் ஏளனம் செய்கிற பேச்சிருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டு மருமகள் மூன்று நாளாகக் கிணற்றடிக்கு வரவில்லை, எவள் கையில் வளையல் குறைந்திருக்கிறது, எவள் கோடைக்காலத்தில் முழங்கை மறைய ரவிக்கை போடுகிறாள் என்ற விவரங்களே அதில் முக்கால் பங்கு. இன்ஸ்பெக்டர் இவற்றைக் குறித்துக்கொண்டால் "தகவல்" என்கிறோம். அண்டைவீட்டு அம்மாள் சொன்னால் வம்பு என்கிறோம்.

கோதைநாயகி அம்மாளுக்குப் பின் வந்த தமிழ்ப் பத்திரிகைக் கதைகளில் பெண்கள் முன்னேறினார்கள். ஆனால் பாதி வழி வரையில்தான். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குச் சுசீலா உண்டு. சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி உண்டு. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா உண்டு. எல்லாரும் கெட்டிக்காரிகள்தாம். ஆனால் பெயரைச் சொல்லும்போது இரண்டாவதாகத்தான் சொல்லுகிறோம். காரோட்டியோ, குற்றவாளியைத் துரத்தியோ புகழ் பெறுகிற அந்த வாலிபப் பெண்களுக்கு நம் ஆசீர்வாதம். நாம் தேடுகிறது வேறு ஒருத்தியை. காரோட்டத் தெரியாத, ஓட முடியாத, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு "அந்த மூட்டையை யார் கட்டினது?" என்று கேட்கிற ஒருத்தியை.

கதையில் அவள் வருவதற்கு முன்னால் சட்டம் அவளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. இந்தியாவில் வெகு காலமாக, புதிதாக மணமான பெண் தீப்பட்டு இறந்தால், "ஸ்டவ் வெடித்தது" என்ற ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்து வந்தது. அதே அடுப்பில் சமைத்த மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஏன் ஒரு நாளும் வெடிக்கவில்லை என்று கேட்க ஒரு சபையும் இல்லை. பிறகு பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 1983-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. விவாகமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலும், சந்தேகத்துக்கு இடமாக இறந்தாலும், உறவினர் எவரேனும் கோரினாலும், பிரேதப் பரிசோதனையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வழி செய்தார்கள். 1986-இல் வரதட்சிணை மரணம் தனிக் குற்றமாயிற்று. 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதியது வந்தபோதும் அந்தக் குற்றம் அதில் அப்படியே இடம்பெற்றது. தமிழ் நாட்டுப் போலீஸில் 1973-இல் பெண்கள் சேர்ந்தார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் ராஜ்யத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது.

பழையனூர்ச் சபையில் காலியாக இருந்த இடத்தை இவ்விதம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வருகிறோம். ஆனால் சட்டம் வருவது பிணம் விழுந்த பிற்பாடு. அதற்கு முன்னால் வரக்கூடியவள் ஒருத்திதான். மூன்று நாளாகக் கிணற்றடிக்கு வராத மருமகளைப் பற்றி, "நமக்கு ஏன் அடுத்த வீட்டு விஷயம்?" என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளாதவள். கொஞ்சம் காப்பிப்பொடி கடன் கேட்கிற சாக்கில் கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறவள். துப்பறியும் கதைகளில் அவள் கொலைகாரனைப் பிடிக்கிறாள். வாழ்க்கையில் அவள் கொலையே நடவாமற் செய்துவிடுவதால், அவளைப் பற்றிக் கதை எழுத ஒன்றும் மிஞ்சுவதில்லை போலும்!

ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நம் பத்திரிகையை வாசிக்கும் சகோதரிகளில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எழுதட்டும். ஊர் வேண்டுமானால் திருத்தணியையே தருகிறோம். மலை இருக்கிறது, படி இருக்கிறது, கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் இருக்கிறது, தப்பி ஓடுகிறவனுக்கு வசதியாக எல்லையும் பக்கத்தில் இருக்கிறது. கொலை ஒன்று போதும். அதுவும் யாருக்கும் பிரியமில்லாத ஒரு வட்டிக்கடைக்காரராக இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகத்துக்கு மட்டும் ஒரு கற்பூரம் விற்கும் பையனைக் கொண்டுவராமல் இருக்க வேண்டாம். அவன் விடுதலையாவதில்தான் கதையின் ருசி இருக்கிறது.

அன்று மலையில் மிச்சப் படிகளை ஏற நாம் எழுந்தபோது, பாட்டியம்மாள் நம்மைப் பார்த்து, "பத்திரிகையில் எழுதுகிறவர்தானே?" என்று கேட்டார். திடுக்கிட்டு, "எப்படித் தெரிந்தது?" என்றோம்.

"சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கு ஒன்று போதும்" என்றார் அவர். பிறகு வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டே, "அதோடு, அந்தப் பையனைப் பிடித்தபோது எல்லாரும் பேசினார்கள். நீங்கள் ஒருவர்தான் பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றார்.

மிச்சப் படிகளை நாம் சற்று வேகமாகவே ஏறினோம்.